தப்பிப் பிழைத்த ஒன்பது

என் அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். மீன் மார்க்கெட்டில் அவளுக்குக் கறார்க்காரி என்று பெயர். மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். யார் முகம் சுருங்கும், யார் நாளைக்கு வாசல்படி ஏற மாட்டார்கள் என்றெல்லாம் யோசிக்க மாட்டாள். எனக்குப் பார்த்த மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, "ஆளு லட்சணமாத்தான் இருக்கான். ஆனா ஒரு இடத்துல நிக்க மாட்டான்" என்றாள். அன்று அவளோடு நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது. ஐந்தாம் வருஷம் அவர் கிளம்பிப் போனார். எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அக்கா வீட்டுப் பின்னறையில்தான் என் வாசம். மீன் தீவனக் கடையில் எனக்கு வேலை. மூட்டையைப் பிரிப்பது, நிறுப்பது, சின்னப் பையில் போட்டுத் தைப்பது. அக்கா மேல் மீன் வாசனை, என் மேல் மீன் தீனி வாசனை. "நம்ம வீட்டுக்கு வர்ற பூனைக்குத்தான் யாரை முதல்ல மோந்து பார்க்கிறதுன்னு குழப்பம்" என்பாள் அக்கா.

அவளுடைய வீட்டுக்காரர் நல்ல மனிதர். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக, எந்தப் பேச்சிலும் பிடி கொடுக்க மாட்டார். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், நெஞ்சு வலிக்கிறது என்று குளக்கரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் வைத்துவிட்டுப் போனது கெண்டை வளர்க்கிற இரண்டு குளம், ஒரு மோட்டார், வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி. இதெல்லாம் பொம்பளைக்கு ஆகிற காரியமா, குத்தகைக்கு விட்டுடு என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். அக்கா ஒரு வாரம் கேட்டுக்கொண்டாள். எட்டாம் நாள் உடுப்பை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

பதினான்கு வருஷம் அப்படி ஓடியது. விடிந்ததும் குளத்தைப் பார்க்க வேண்டும், மீன் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக் குடிக்கிறதா என்று. ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவாள். சீக்கிரம் மறைந்துவிட்டால் தண்ணீர் கெட்டியாகிவிட்டது, புதுத் தண்ணீர் விட வேண்டும் என்று அர்த்தம். வாரத்துக்கு ஒரு தடவை நாலு மீனைப் பிடித்துச் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். வருஷம் முழுக்க அவள் விரல் இடுக்கு ஊறி வெடித்தே கிடக்கும், ராத்திரி அதில் எண்ணெய் தடவிக்கொண்டு முனகுவாள். அந்தக் கையால்தான் மகளைப் படிக்க வைத்தாள், ஒரு நல்லவனுக்குக் கட்டியும் கொடுத்தாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், வெயில் தணிந்து தண்ணீர் இதமாகிற பருவம் அது. ஒரு நாள் காலை கெண்டைகள் மடை வாயில் கும்பலாக வந்து நின்றன. மூச்சு முட்டுகிறது போல என்று அக்கா புதுத் தண்ணீர் திறந்துவிட்டாள். மறுநாள் அறுபது மிதந்தன. அதற்கு மறுநாள் எண்ணுவதை விட்டுவிட்டோம். கண் குழிக்குள் போயிருந்தது. தொட்டால் வழுக்க வேண்டிய உடம்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. செவுளைத் தூக்கினால், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் அழுகின வெள்ளைத் திட்டு. அதே தண்ணீரில் கிடந்த வேறு சாதி மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெண்டை மட்டும்தான் செத்தது.

மீன்வளத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். தோளில் ஒரு பை, பை நிறையக் குப்பி. நான் அவளுக்குக் குப்பிக்காரி என்று பெயர் வைத்தேன். சின்ன வயதுதான், ஆனால் சுற்றி வளைக்காமல் பேசினாள். செவுளில் துண்டு துண்டாக வெட்டிக் குப்பியில் போட்டுக்கொண்டு போனவள் நாலாம் நாள் திரும்பி வந்தாள்.

"வைரஸ்மா. கெண்டைக்கு மட்டும் வர்றது. மனுஷங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. இதுக்கு மருந்து கிடையாது."

"மருந்து இல்லைன்னு சொல்லவா நாலு நாள் ஆச்சு?" என்றாள் அக்கா.

குப்பிக்காரி கோபித்துக்கொள்ளவில்லை. உயிரோடு மிச்சம் இருக்கிற கெண்டைகளையும் கொன்று, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னாள். குளத்தை வற்றவிட்டு ஒரு கோடை முழுக்கக் காயப்போடச் சொன்னாள்.

"செத்ததைப் புதைக்கிறது சரி. பிழைச்சு நிக்கிறதை எதுக்குக் கொல்லணும்?"

"பிழைச்சதுதான்மா ஆபத்து. நோய் அதை விட்டுப் போயிருக்காது, உள்ளயே தூங்கிட்டிருக்கும். பார்த்தா தெரியாது. நல்ல வெயில்ல அடங்கிக் கிடக்கும். தண்ணி இதமானதும் முழிச்சுக்கும். அந்த மீனுக்கு ஒண்ணும் ஆகாது, பக்கத்துல இருக்கிறதுக்குக் கொடுத்துடும்."

"தூங்குறதை எழுப்பாம இருந்தா சரியாப்போச்சு" என்று அக்கா என் காதில் சொன்னாள். அத்தனை பிணத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆறாயிரத்துச் சொச்சம் கெண்டையில் ஒன்பது நின்றன. ஒன்பதும் நல்ல வளர்த்தி. மற்றவை செத்து மிதக்கும்போது இவை அடியில் சேற்றைக் கிளறி மேய்ந்துகொண்டிருந்தன. இதைச் சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள், ஆனால் எங்கள் கடைக்குத் தீனி வாங்க வருகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கொள்ளை நோயில் தப்பின கோழியின் முட்டையைத்தான் அடைக்கு வைப்பார்கள். செத்தது சோதா, நின்றது வைரம். வித்துக்கு எதை வைப்பது என்றால் நின்றதைத்தான் வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் நம்புகிற விஷயம்தான், என் அக்கா மட்டும் புதிதாகக் கண்டுபிடித்த முட்டாள்தனம் இல்லை.

ஈரச் சாக்கில் சுற்றி, இரண்டு நடையில், ஒன்பதையும் சிமெண்டுத் தொட்டிக்குக் கொண்டுவந்தாள். மேலே பழைய தகரத்தைப் போட்டு மூடினாள். குழியை மூடுகிற அன்று குப்பிக்காரி வந்து, "எல்லாம் முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது" என்றாள் அக்கா.

அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சுண்ணாம்பு வாளியோடு பக்கத்தில் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. அது மட்டுமா? கடையில் தரையில் சிந்துகிற தீனியைக் கூட்டி அள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்து அந்த ஒன்பதுக்கும் போட்டவளே நான்தான். அக்கா அவற்றைத் தப்பினவங்க என்று சொல்வாள். "தப்பினவங்களுக்குத் தண்ணி மாத்தணும்", "தப்பினவங்க இன்னைக்கு நல்லா சாப்பிட்டாங்க" என்று மரியாதை வேறு. குளம் காய்ந்து வெடித்துக் கிடந்த அந்த நாட்களில் அவள் மார்க்கெட்டில் மற்றவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் தகரத்தைத் தூக்கிப் பார்ப்பாள். அவளுக்கென்று நின்றது அது ஒன்றுதானே.

மகள் இருப்பது பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம். மாப்பிள்ளை வெல்டர். கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், பெண்டாட்டியைப் பிரிந்து இருக்க முடியவில்லை என்று வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பேருமாக ஒரு குளம் வெட்டினார்கள். மாமியார் வீட்டுக் குளம் செத்த கதை அவருக்குத் தெரியும். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். வாசல் கதவுக்குக் கீழே தகரத்தில் ஒரு தட்டு பற்றவைத்து, அதில் மருந்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். யார் வந்தாலும் காலை அதில் நனைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வெளி வலை, வெளி வாளி, வெளிச் செருப்பு எதுவும் கூடாது. வித்து மீன் எங்கே வாங்குவது என்பதிலேயே மூன்று மாதம் தயங்கினார்கள்.

கோடை தொடங்கின சமயம், அக்கா தொட்டியிலிருந்து இரண்டு பெண் மீனும் மூன்று ஆண் மீனும் பொறுக்கினாள். நல்லதிலும் நல்லதாகப் பார்த்து, மகளுக்கு.

"அக்கா, அந்தக் குப்பிக்காரி என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஆறு மாசமா என் கண்ணு முன்னாடிதான் இருக்கு. ஒரு செதில் உதிரல. பெத்தவ மகளுக்குக் கெட்டதையா கொடுப்பா? நீ வாயை மூடு."

மூடிக்கொண்டேன்.

பெரிய டிரம்மை பஸ்ஸில் ஏற்றி, வழியெல்லாம் கையால் தண்ணீரை அலசி அலசிக் காற்று ஏற்றிக்கொண்டு போனோம். வாசலில் மாப்பிள்ளை, "அத்தை, தப்பா நினைச்சுக்காதீங்க, காலை நனைச்சுட்டு வாங்க" என்றார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அந்தத் தட்டில் இரண்டு காலையும் வைத்து, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். டிரம் பக்கத்திலேயே இருந்தது.

"எங்க வாங்கினது அத்தை?"

"நல்ல இடத்துல."

"நோய் நொடி இல்லாத இடம்தானே?"

"ஏன் மாப்பிள்ளை, என் மேல நம்பிக்கை இல்லையா?"

பாவம், அவர் முகம் சிவந்துவிட்டது. அப்படியும் மனிதர் முறையை விடவில்லை. ஐந்தையும் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்தார். உச்சி வெயில் காலம், தண்ணீர் கொதித்துக் கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை. பிறகு குளத்தில் விட்டார். பாசியில் முட்டை ஒட்டியது, பொரிந்தது. "அம்மா, தண்ணியே தெரியல, குஞ்சுதான் தெரியுது" என்று மகள் போனில் கூவினாள். அக்கம்பக்கத்தில் நாலு குளத்துக்காரர்கள் வந்து குஞ்சு வாங்கிப் போனார்கள். அன்றைக்கு அக்கா என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமையை என்னவென்று சொல்வது. நான்கூட நினைத்தேன், படித்தவள் சொல்வதெல்லாம் நடந்துவிடுமா என்று.

வெயில் தணிந்தது. தண்ணீர் இதமானது. ஒரு காலை நேரம், நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "மடை வாயில வந்து நிக்குதும்மா, எல்லாம் சேர்ந்து நிக்குது" என்று மகளின் குரல் எனக்கே கேட்டது. அக்கா பஸ்ஸுக்குப் பணம் எடுக்க உள்ளே போனாள். வேறு யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் நின்று செத்ததை அரித்துக்கொண்டிருந்தார். மகள் கரையில் நின்றிருந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை.

"வலை வாங்கிட்டு வந்திருக்காரும்மா" என்றாள். "போன வாரம் நம்ம வலை கிழிஞ்சுதாம். குஞ்சு எடுக்க வியாபாரியோட வண்டி வந்து நிக்குதாம். என்கிட்ட சொல்லாம பக்கத்துக் குளத்துல போய் வலை இரவல் வாங்கிட்டு வந்து இழுத்திருக்காரு. ஊருக்கெல்லாம் காலைக் கழுவச் சொல்லிட்டு."

"ஒரு மணி நேரம் மருந்துத் தண்ணியில ஊறப் போட்டுத்தான்..." என்று மாப்பிள்ளை தண்ணீரிலிருந்தே சொன்னார்.

"பேசாதீங்க. உங்க கையாலயே கொன்னுட்டீங்க. கொலைகாரன்."

அதோடு அவள் அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு தட்டில் சோற்றைப் போட்டு வாசல்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் மோட்டார் அறையில் படுத்துக்கொண்டார். சாப்பிட்டாரா என்று தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பாதி நாள் வைத்தது வைத்தபடியே இருக்கும். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் உடுப்பைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிச் செத்த மீனை அள்ளத் தொடங்கினாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அங்கேதான்.

அந்தப் பக்கத்துக்கு வேறு அதிகாரி, வயதானவர். குப்பியை மூடிக்கொண்டே, வெளியிலிருந்து என்னென்ன வந்தது என்று கேட்டார்.

"வலை. நான்தான் கொண்டுவந்தேன்" என்றார் மாப்பிள்ளை.

"மீன் ஏதாவது?"

"எங்கம்மா கொடுத்த தாய்மீன்தான். கோடையிலயே வந்தது. ஒரு மாசம் தனியா வெச்சும் பார்த்தோம்" என்றாள் மகள்.

"எங்க வாங்கினது?"

"விசாரிச்சு நல்ல இடத்துலதான் வாங்கியிருக்காங்க. எங்கம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது சார்."

அதிகாரி தலையை ஆட்டிவிட்டு, காகிதத்தில் வலை என்று எழுதிக்கொண்டார். அக்கா அண்டாவில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

குஞ்சு வாங்கிப் போன நாலு பேரில் மூன்று பேருடைய குளமும் செத்தது. ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்று மாப்பிள்ளையைத் திட்டினார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவும் நானும் அங்கேயே தங்கிவிட்டோம். இப்படியாகப் பத்து நாள், பன்னிரண்டு நாள். துணி துவைக்கிற கல்லில் அக்காவைத் தனியாகப் பிடித்தேன்.

"சொல்லிடுக்கா. அந்த மனுஷன் உருகிப் போறாரு."

"சொன்னா அவ என்னை விட்டுடுவா."

"சொல்லலைன்னா புருஷனை விட்டுடுவா."

"புருஷன் பொண்டாட்டி சண்டை இன்னைக்கு இருக்கும் நாளைக்குப் போகும். அம்மாவை ஒதுக்கிட்டா ஒதுக்கினதுதான். எனக்கு அவளை விட்டா யாரு இருக்கா?"

"நான் மனுஷி இல்லையா?"

"நீ சொல்லேன் அப்ப. உனக்கும்தான் தெரியும். போய்ச் சொல்லு."

நான் சொல்லவில்லை. வாய் கிழியப் பேசுகிற நான், கையிலிருந்த துணியை இன்னொரு தடவை பிழிந்தேன், அவ்வளவுதான். அக்கா என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவாள் என்று பயமா, மகள் முகத்தைப் பார்க்கிற வெட்கமா, எனக்கே தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு ஆள் போதாது, இன்னொருவர் சோற்றை அள்ளிப் போட வேண்டும். அந்த வேலையை நான் பார்த்தேன்.

பதினாறாம் நாள் காலை மாப்பிள்ளை குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு பை. பதினாறு நாளில் சட்டைக் கழுத்து அவருக்குப் பெரிதாகியிருந்தது.

"பழைய வேலைக்கே கூப்பிட்டுட்டாங்க அத்தை. மூணு வருஷம். அதுவரைக்கும் லீவு கிடைக்காது." சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நிற்கவில்லை. "அவளைப் பார்த்துக்குங்க. நான் இருந்தா அவளுக்குக் குளமும் நானும்தான் கண்ணுக்குத் தெரியுது. போய்ட்டா கொஞ்சம் ஆறும்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"மாப்பிள்ளை, வலை இல்லை."

அவருக்குப் புரியவில்லை.

"வலையால வரல. நான் கொடுத்த மீனால வந்தது. அது வாங்கின மீன் இல்லை. என் குளத்துல எல்லாம் செத்தது போக நின்னது. ஒன்பதுல அஞ்சு. கொன்னுடுன்னு சொன்னாங்க, நான் கொல்லல. உங்ககிட்ட நல்ல இடம்னு பொய் சொன்னேன்."

பாத்திரச் சத்தம் நின்றது.

மாப்பிள்ளை பையைக் கீழே வைத்தார். "வலை இல்லையா அத்தை?"

"இல்லை."

"நான் ஒரு மணி நேரம் ஊறப் போட்டேன் அத்தை. அப்புறம் வெயில்ல காயப் போட்டேன்."

"தெரியும் மாப்பிள்ளை."

"அப்ப வலை இல்லை" என்றார் என்னைப் பார்த்து. பிறகு சுவரைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார். அப்படியே அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவருக்கு மாமியார் மேல் கோபம் வரவில்லை. கோபம் வர இடமில்லாத அளவுக்கு நிம்மதி வந்துவிட்டது.

மகள் ஈரக் கையோடு வாசலில் நின்றாள். முதலில் புருஷனைத்தான் பார்த்தாள், வெகு நேரம். பிறகு தாயைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். குரல் உயரவே இல்லை.

"மீன் போனது போகட்டும்மா. நல்லதுன்னு நினைச்சுத்தான் கொடுத்திருப்பே. அதுக்காக நான் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்." மூச்சு வாங்கினாள். "பதினாறு நாள் நான் இவர்கிட்ட பேசல. கொலைகாரன்னு சொன்னேன். நாய்க்குப் போடுற மாதிரி படியில சோறு வெச்சேன். நீ அதோ அந்த நாற்காலியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தே."

"சொல்லணும்னுதான் கண்ணு தினமும்..."

"சித்தி, உங்களுக்கும் தெரியும்." இது கேள்வி இல்லை. நான் தரையைப் பார்த்தேன்.

"பதினொரு மணிக்கு பஸ் இருக்கு. ரெண்டு பேரும் கிளம்புங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவே குப்பிக்காரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவள் வந்து ஆடித் தீர்ப்பாள் என்று நான் பயந்தேன், அவள் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைத்தான் நீட்டினாள். தொட்டியில் மிச்சமிருந்த நாலையும் அக்காவே பிடித்து, தலையில் தட்டி, ஒவ்வொன்றாக அதில் போட்டாள். அடுத்த வாரம், குஞ்சு வாங்கி மீனைப் பறிகொடுத்த மூன்று குளத்துக்காரர்கள் வீட்டுக்கும் தனியாகப் போனாள். மாப்பிள்ளை மேல் தப்பில்லை, நான்தான் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். ஒரு வீட்டில் சேற்றுத் தண்ணீரை வாளியோடு எடுத்து அவள் மேல் ஊற்றினார்கள். அப்படியே பஸ் ஏறி வந்தாள். வீட்டில் நான் துண்டை எடுத்துக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளவில்லை, ஊற்றினவன் செய்தது சரி என்றாள்.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போகவில்லை. அவர்கள் குளம் காய்ந்து கிடக்கிறது, ஊருக்குள்ளேயே இரும்புக் கேட்டும் ஜன்னல் கிராதியும் பற்றவைத்துப் பிழைப்பு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, "சாப்பிட்டீங்களா அத்தை" என்று கேட்கிறார். மகள் பேசுவதில்லை, என்னோடும்தான். எனக்கு அதில் வருத்தம் உண்டு, குறை சொல்ல வாய் இல்லை. எங்கள் குளங்களுக்குத் தண்ணீர் விடலாம் என்று அனுமதி வந்துவிட்டது. அக்கா விடவில்லை. மார்க்கெட்டில் குனிந்த தலை நிமிராமல் மீன் வெட்டுகிறாள், அவளைக் கறார்க்காரி என்று கூப்பிட இப்போது யாருக்கும் வாய் வருவதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது, திரும்பி வந்த புதிதில் நடந்த ஒன்றை. வந்த அன்றே அக்கா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "என் பொண்ணு வீம்புக்காரி, ஆனா நியாயம் தெரிஞ்சவ. நான் பதினாறு நாள் வாயைத் திறக்கல. அவளும் பதினாறு நாள் பேச மாட்டா. அப்புறம் பேசிடுவா" என்றாள். தண்டனையை அவளே எழுதி அவளே கையெழுத்தும் போட்டுக்கொண்டாள். மார்க்கெட்டிலிருந்து வந்ததும் இன்றைக்கு ஏழு, இன்றைக்கு எட்டு என்று எனக்குச் சொல்வாள். சேற்றுத் தண்ணீரில் நனைந்து வந்த அன்றும் நாளைச் சொல்ல மறக்கவில்லை.

பதினேழாம் நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. தலை குளித்து, பெட்டியிலிருந்து நல்ல உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, விடிந்ததிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். போன் வேலை செய்கிறதா என்று பார்க்க, பக்கத்து அறையிலிருந்து என்னை ஒரு தடவை கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டேன், மணி அடித்தது. மதியம் கடையிலிருந்து ஒரு நடை வந்து டீயும் பிஸ்கட்டும் வைத்தேன், தொடவில்லை. நான் கடையை முடித்துவிட்டு சாயங்காலம் வந்தபோதும் அதே இடத்தில் இருந்தாள்.

"ஏண்டி, நாளைத் தப்பா எண்ணிட்டேனா?" என்று என்னைக் கேட்டாள்.

அவள் எண்ணியது சரிதான். நானும் கூடவேதான் எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு அன்றும் வாய் வரவில்லை.

"ஆமாக்கா, ஒரு நாள் கூட எண்ணிட்டே. நாளைக்குத்தான்" என்றேன்.

"அதானே பார்த்தேன்" என்று சொல்லி, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள். மறுநாளும் அவள் வேலைக்குப் போகவில்லை.